மேசையில் "மாட்டன்" என்றவர்

– திறக்க மாட்டன் எண்டா மாட்டன்தான். படலையப் புடிச்சு ஆட்டாத, உடைஞ்சிரும். கிறுகி, வந்த வழியே போ, உதயன்.

– அக்கா, வெயிலப் பாருங்க. கோட்டும் ரையுமா றோட்டில நிக்கிறன். போறவாற ஆக்கள் எல்லாம் பாக்கிறாங்க.

– பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும். "என்ட தம்பி உதயரூபன் கொழும்பில பெரிய உத்தியோகம், எந்த நாட்டு ப்ளேன் எங்க இறங்கலாம் எண்டு எழுதுறதே அவன்தான்" எண்டு தன்னாமுனை முழுக்கச் சொல்லித் திரிஞ்ச வாய் இது. இண்டைக்குப் பொத்திக்கிட்டு இரிக்கன்.

– ரெண்டு மணிக்கு நான் திரும்பக் கூட்ட மேசையில இருக்க வேணும். சாப்பாட்டுக்கு எண்டு ஒரு மணித்தியாலம் விட்டிருக்காங்க. ஒரு பிடி சோறு தாங்க, போயிருறன்.

– ஏன், கூட்டம் நடக்கிற ஹோட்டல்ல போடல்லையா? என்ட கூட்டாளி நோறாதானே அங்க குசினிக்குப் பொறுப்பு. அவள் ஆரையும் பட்டினி போடமாட்டாளே.

– அங்க எல்லாம் இருக்கு. உங்கட நண்டுக் குழம்பு இல்ல.

– நண்டா? இந்த வாசல்ல நிண்டு நண்டு எண்டு சொல்ல உனக்கு வாய் கூசல்லையா, உதயன்?

– என்னக்கா நடந்தது?

– ஒண்டும் தெரியாத புள்ள மாதிரிக் கேளு. நேத்து பின்னேரம் என்னோட நண்டு கட்டுற வதனி போனோட ஓடி வாறாள். "அக்கா, இஞ்ச பாருங்க, செய்தி போட்டிரிக்கான்." என்ன செய்தி? இந்தியாவில இருந்து வந்த ஆக்களோட நாலு நாளா ப்ளேன் பேச்சுவார்த்தை நடக்குதாம். அதுல மட்டக்களப்புக்கு ப்ளேன் வேணாம் எண்டு ஒராள் ஒத்தக்கால்ல நிக்கிறாராம். அந்த ஆள் மட்டக்களப்பு ஆளாம்! கீழ உன்ட படம். போன வருசம் நான் எடுத்து உனக்கு அனுப்பின அதே படம், அந்த நீலச் சேட்டோட.

– அந்தச் செய்திக்காரனுக்கு மேசைக் கதைய ஆர் குடுத்தது எண்டுதான் நானும் தேடுறன்.

– அப்ப பொய்யா?

– முதல்ல படலையத் திறங்க.

– கேட்டதுக்குப் பதில் சொல்லு. நீ அந்த மேசையில "மட்டக்களப்பு வேணாம்" எண்டு சொன்னியா, இல்லையா?

– சொன்னன்.

– போ. போயிரு. எனக்குத் தம்பி இல்ல.

– அக்கா, அதாவது, அந்தக் கதைய றோட்டில நிண்டு கதைக்க ஏலா. முன்வீட்டு ஜன்னலும் திறந்திருச்சு. உள்ள எடுங்க. சோறு வேணாம். தண்ணி தந்தாப் போதும்.

– முன்வீட்டுக்காரிக்காகத் திறக்கன். உனக்காக இல்ல. வா. சப்பாத்தக் கழட்டிற்று வா. அந்தக் கதிரையில இராத, அதுல நூல் கிடக்கு. இஞ்சால வா, முதல்ல இதப் பாரு.

– என்ன இது?

– பாரு. நேத்து கட்டுநாயக்கா எயார்போட்டில இருந்து திரும்பி வந்த பெட்டி. மூடியத் திற. மூக்கப் பொத்தாத! நண்டு கட்டுற நாங்க பதினாறு பொண்டுகள் பொத்தாமத்தான் திறக்கம். எண்ணிப் பாரு.

– எல்லாம் செத்திருக்கு.

– செத்தத மட்டும் பொறுக்கி அனுப்பினது, ஒரு பெட்டி முழுக்க. வாவியில இருந்து விடியக்காலம நண்டு வருது, மனே. ஒவ்வொண்டா கால் மடக்கி, நூலால கட்டி, ஈரச்சாக்கு போட்டு, பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டியில அடுக்கிறம். உயிரோட போனாத்தான் சிங்கப்பூர்க்காரன் எடுப்பான். மறுகா லொறியில எட்டு மணித்தியாலம். கட்டுநாயக்காவில இன்னும் ஆறு மணித்தியாலம் கிடப்பு. நூறு நண்டு போனா இருவது செத்துப் போகுது. அந்தச் சிங்கப்பூர் மனுசன் போன மாசம் சொல்லிற்றான்: "அம்மா, தைப்பொங்கலுக்குள்ள இத நீங்க சரிப்பண்ணல்ல எண்டா நான் வேற இடம் பாக்கன்." இஞ்ச திமிலைதீவில ஓடுபாதை சும்மா கிடக்கு. ஒரு சின்ன ப்ளேன் இந்தியாவுக்குப் போனாக் காணும். ஒண்டரை மணித்தியாலம். அங்க இருந்து அண்டைக்கே சிங்கப்பூர். அந்த ஒரு ப்ளேனத்தான் நீ வேணாம் எண்ட.

– எனக்குத் தெரியாமலா அக்கா? நீங்க போன பொங்கலுக்கே சொன்னீங்க.

– தெரிஞ்சும் சொன்னியா? அது இன்னும் மோசம். தெரியாமச் செஞ்சா மடையன் எண்டு விட்டிருப்பன்.

– அக்கா, அதாவது... நான் சத்தியக் கடதாசியில கையெழுத்து வச்சிற்று இருக்கிறவன். மேசையில கதைக்கிறத வெளியில கதைக்கக் கூடாது. பொண்டாட்டிக்கும் சொல்லல்ல.

– அப்ப எனக்கும் சொல்லாத. தண்ணியக் குடிச்சிற்றுப் போ.

– நீங்க மார்க்கட்டில கொடுவா மீன் எப்பிடி வாங்குவீங்க?

– என்ன?

– கேக்கிறன். போன பொங்கலுக்கு என்னையும் கூட்டிற்றுப் போனீங்க. உங்களுக்குக் கொடுவாதான் வேணும். ஆனா நீங்க கொடுவாவப் பாத்தீங்களா?

– அதப் பாத்தா அந்த மீன்காரி விலைய ஏத்திருவாளே. பக்கத்தில கிடக்கிற செப்பலியத்தான் கேட்டன். "செப்பலி என்ன விலை, செவுள் காட்டு, ஏன் இவளவு சின்னது" எண்டு. மறுகா கிறுகி நடந்தன். அவளே கூப்பிட்டாள், "டீச்சர், இந்தக் கொடுவாவக் கொண்டு போங்க" எண்டு.

– "கொடுவாவா? ஐயோ, அது ஆருக்கு வேணும், வீட்டில ஆரும் தின்ன மாட்டாங்க" எண்டு சொன்னீங்க. நான் பக்கத்தில நிண்டு, "ஏன் அக்கா, எனக்கு விருப்பம்தானே" எண்டிட்டன். நீங்க என்ட கால மிதிச்சீங்க.

– மிதிக்காம? உன்ட ஒரு வாயால முழு யாவாரமும்... 

– கெட்டுப்போகப் பாத்துது, என்ன?

– உதயன்.

– ம்.

– நீ என்னடா சொல்ற?

– நான் ஒண்டும் சொல்லல்ல. மீன் கதைதான் கதைச்சன்.

– இரு. இரு. எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு. உங்கட மேசையில கொடுவா எது?

– சரி. இனி ஒளிச்சு என்ன. கதவச் சாத்துங்க. அதாவது, ரெண்டு நாடும் ப்ளேன் ஒப்பந்தம் பேசக்குள்ள, கடைசியில ஒரு பட்டியல் போடுவம். உங்கட ப்ளேன் எங்கட எந்தெந்த ஊர்ல இறங்கலாம், எங்கட ப்ளேன் உங்கட எந்தெந்த ஊர்ல இறங்கலாம் எண்டு. பட்டியல்ல ஊர்ப் பேர் இருந்தா, எந்தக் கொம்பனியும் எப்பவும் வரலாம். பேர் இல்லாட்டி, ப்ளேன் இருந்தும் ஓடுபாதை இருந்தும் பயணக்காரர் இருந்தும் ஏலா. கடைசியா இப்பிடி இருந்து பேசினது பதினொரு வருசத்துக்கு முதல். இந்தமுறை விட்டா இன்னும் எத்தின வருசமோ.

– அப்ப "மட்டக்களப்பப் போடுங்க" எண்டு நீ கேட்டாச் சரிதானே!

– கேட்டா விலை வரும் அக்கா. நாங்க ஒண்டு கேட்டா, அவங்க பதிலுக்கு ஒண்டு கேப்பாங்க. எங்கட குழுத் தலைவருக்கு வேண்டியது வேற. அவங்கட பெரிய விமான நிலையத்தில விடியப்புறம் இறங்க ரெண்டு நேரம். அதுக்காகத்தான் அவர் வந்திருக்கார். மட்டக்களப்புக்காக அவர் ஒண்டும் விட்டுக் குடுக்க மாட்டார். அவர் கூடாத மனுசன் இல்ல. ஆனா அவருக்கு இந்த ஊர் வரைபடத்தில ஒரு புள்ளி.

– ஓம். மறுகா?

– ஆனா அவங்களே மட்டக்களப்பக் கேட்டா? அப்ப அது நாங்க குடுக்கிற பொருள். அத நாங்க மனமில்லாமக் குடுக்கிறம், பதிலுக்கு விடியப்புற நேரம் ரெண்டையும் வாங்கிறம். தலைவருக்குச் சந்தோசம். பட்டியல்ல மட்டக்களப்பு.

– அவங்க ஏன் கேக்கணும்?

– நான் ஒளிச்சதால. முதல் நாள் அவங்கட தலைவர் சும்மா ஒரு பேச்சுக்கு "மட்டக்களப்பு எப்பிடி" எண்டு கேட்டார். நான் டக்கெண்டு "அது வேணாம், அதப் பத்திக் கதைக்கவே வேணாம்" எண்டன். எல்லாரும் என்னத் திரும்பிப் பாத்தாங்க. "ஓடுபாதையப் பாக்கலாமா" எண்டார். "பாக்க ஒண்டுமில்ல" எண்டன். மூண்டு தரம் கேட்டார். மூண்டு தரமும் அதையே சொன்னன். நாலாம் தரம் கேக்கல்ல. கொழும்பில நடந்த கூட்டத்த ரெண்டு நாளைக்கு இஞ்ச மாத்துங்க எண்டு எழுதியே தந்திட்டாங்க.

– ஐயோ, என்ட கடவுளே. நீ... நீ என்னக் காட்டியும் கள்ளன்டா!

– உங்களிட்டப் பழகினதுதான்.

– அப்ப ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லல்ல? ராவெல்லாம் நித்திரை இல்லாமக் கிடந்தனே. உன்னப் பெத்த அம்மாட படத்துக்கு முன்னால நிண்டு உன்னத் திட்டினனே.

– சொன்னா நீங்க சிரிச்ச முகத்தோட திரிவீங்க. வதனி ஏன் எண்டு கேப்பாள். மறுகா பதினாறு பேருக்கும் தெரியும். இன்னொண்டும் இருக்கு அக்கா. இது எனக்கு நோகிற விசயம். அந்த மேசையில எங்கட பக்கம் ஏழு பேர். நான் ஒராள்தான் இந்த ஊர். நான் "மட்டக்களப்பு வேணும்" எண்டு வாயத் திறந்தா, "அவர் தன்ட ஊருக்காகக் கதைக்கிறார்" எண்டு பைலை மூடிருவாங்க. இருவத்தாறு வருசம் அப்பிடித்தான் மூடினாங்க. மத்த ஆக்கள் கதைச்சா அது நாட்டுக்கு. நான் கதைச்சா அது ஊருக்கு. ஆனா நான் "வேணாம்" எண்டா எல்லாரும் நம்புவாங்க. அப்பிடி ஒரு நம்பிக்கை என்னில.

– வா. இஞ்ச வா. இரு. அந்த நூலத் தள்ளிற்று இரு. நான் சோறு போடுறன்.

– நேரம்...

– இரு எண்டன். வாசல்ல நிக்க வச்சுக் கதைச்சிற்றன். இந்தா, சாப்பிடு. நேத்தைய குழம்பு. சூடு காட்டினது. அப்ப இண்டைக்குப் பின்னேரம் என்ன நடக்கும்?

– காலம எட்டு மணிக்கு அவங்க ஓடுபாதையப் பாத்திட்டாங்க. நான் போகல்ல. "பாக்க ஒண்டுமில்ல" எண்டவன் போனா நல்லாவா இருக்கும்? ரெண்டு மணிக்கு உக்காந்த உடன அவங்க கேப்பாங்க. எனக்கு அது நல்லாத் தெரியும். நான் இன்னும் ஒரு தரம் மாட்டன் எண்டுவன். எங்கட தலைவர் என்னச் சமாதானப்படுத்துவார். அதோட முடிஞ்சுது. அவங்களுக்குத் தெரியக்கூடாதது ஒண்டே ஒண்டுதான். எங்கட ஆக்களுக்கு இது வேணும் எண்டு. அது தெரிஞ்சா, கொடுவாவுக்கு விலை ஏறிரும்... என்னக்கா? கரண்டிய ஏன் கீழ போட்டீங்க?

– ஒண்டுமில்ல. நீ சாப்பிடு.

– முகம் வெளிறிப்போச்சு. சீனி குறைஞ்சிற்றா? இருங்க, தண்ணி...

– உதயன். நீ முதல்ல சாப்பிட்டு முடி.

– அக்கா.

– நான் ஒரு வேலை செஞ்சிற்றன்.

– என்ன வேலை?

– கோவத்தில செஞ்சன். உன்ட படத்தப் பாத்த கோவத்தில. காலம ஓடுபாதைக்கு அவங்க வருவாங்க எண்டு கேள்விப்பட்டு, நாங்க பதினாறு பேரும் பாலத்தடியில போய் நிண்டம். வாகனம் நிண்டிச்சு. அந்தக் கண்ணாடி போட்ட பெரியவர் இறங்கினார். அவர்தானே தலைவர்?

– அவர்தான். நீங்க என்ன செஞ்சீங்க?

– நண்டுப் பெட்டி ஒண்டு குடுத்தம். பன்ரெண்டு நண்டு, நல்ல தசை நண்டாப் பாத்து. "எங்கட வாவி நண்டு, சேர்" எண்டு.

– அவளவுதானே? அதுல ஒண்டுமில்ல. ஊர் மரியாதை.

– பெட்டிக்குள்ள, சாக்குக்குக் கீழ, ஒரு கடிதம் வச்சன்.

– என்ன கடிதம்?

– கடிதமாக் கையில குடுத்தா பொலிஸ் வாங்கிருவான். நண்டெண்டா விடுவான். அதுதான் பொலித்தீன்ல சுத்தி, நண்டு கட்டுற நூலால கட்டி, அடியில வச்சன். எங்களுக்கு இந்த ப்ளேன் வேணும் எண்டு பதினாறு பேரும் கையெழுத்துப் போட்ட கடிதம். நோறாதான் இங்கிலீசில ரைப் அடிச்சுத் தந்தாள். பென்சன் எடுக்க முதல் அரசாங்கக் கச்சேரியில முப்பது வருசம் ரைப் அடிச்ச கை.

– அதுல... அதுல என்னைப் பத்தி?

– கேக்காத.

– அக்கா, என்ன எழுதினீங்க?

– "உங்களுக்கு முன்னால இருந்து வேணாம் எண்டு சொல்றவர் என்ட தம்பி. அவருக்காக நான் மன்னிப்புக் கேக்கன். அவர் இப்பிடிப்பட்ட புள்ள இல்ல. கொழும்பில அவருக்கு என்னமோ நடந்திற்று." இப்பிடித்தான்.

– முடிஞ்சுது.

– அப்பிடிச் சொல்லாத மனே. அந்த மனுசன் பெட்டிய இன்னும் திறக்காமலும் இரிக்கலாம்தானே?

– இருங்க. நண்டு... ஓம், நண்டு! அக்கா, அந்த மனுசன் மரக்கறி! முட்டையும் தொடமாட்டார். நேத்துச் சூப்புக் கோப்பைக்குள்ள கருவாட்டு வாசம் எண்டு கோப்பையவே மாத்திக் கேட்டவர். நண்டுப் பெட்டிய அவர் ஏன் திறக்கிறார்? அப்பிடியே ஹோட்டல் குசினிக்குக் குடுத்திருப்பார்.

– குசினி எண்டா நோறா!

– போன எடுங்க. கெதியா.

– இந்தா, நீயே அமத்து. நோறா எண்டு இரிக்கும் பாரு. சத்தமாப் போடு, நானும் கேக்கணும்.

– ஹலோ? நோறா அக்கா? நான் உதயரூபன்.

– உதயனா? நல்லதாப் போச்சு மேன். நீர் எங்க நிக்கிறீர், சுலோட வீட்டிலயா? அசையாம இரும். நான் அங்கதான் வாறன். ஸ்கூட்டியில ஏறிற்றன்.

– நோறா, நான் சுலோ! பெட்டி எங்ககா? நண்டுப் பெட்டி!

– பெட்டி எனக்கு முன்னால இரிக்கு, கால் வைக்க இடமில்ல. போன்ல ஒண்டும் கதைக்காத, சுலோ. அஞ்சு நிமிசம்.

– வச்சிற்றாள். ஏன் போன்ல கதைக்காத எண்டாள்?

– பெட்டி அவவிட்ட இருக்கு. அது போதும். கடிதம் உள்ளதான் இருக்கும்.

– உதயன்.

– ம்?

– இது கெட்டுப்போனா, உன்னை வேலையால நிப்பாட்டுவாங்களா?

– நிப்பாட்ட மாட்டாங்க. சிரிப்பாங்க. "பாத்தீங்களா, அக்காவ விட்டுக் கடிதம் குடுக்க வச்சிற்றார்" எண்டு. அதோட அந்த மேசையில என்ட கதை முடிஞ்சுது. அது பரவாயில்ல. எனக்கு இந்தச் செத்த நண்டுப் பெட்டியத்தான் பாக்க ஏலாமக் கிடக்கு. தைப்பொங்கல் எண்டா இன்னும் பத்துக் கிழமை.

– நான் உன்னை நம்பியிருக்கணும். அம்பத்திநாலு வருசமா உன்னப் பாக்கன். ஒரு படத்தையும் நாலு வரியையும் பாத்து நம்பாம விட்டிட்டன்.

– நீங்க நம்பினா நான் தோத்துப்போயிருப்பன். நம்பாமத் திட்டினதுதான் சரி. இப்ப அழாதீங்க. படலை சத்தம் கேக்குது.

– வாகா நோறா, வா! உள்ளுக்கு வா. கதவச் சாத்து.

– புடிங்க முதல்ல, கை முறியுது. மை காட், அந்தப் பாலத்தடியில பொலிஸ் மறிச்சு "என்ன பெட்டி" எண்டான். "தொட்டுப் பாரும் மேன், கடிச்சா என்னச் சொல்லாதயும்" எண்டன். விட்டிட்டான்.

– நோறா அக்கா, கடிதம்?

– உள்ளதான் இரிக்கு. பன்ரெண்டு நண்டும் உயிரோட. நான் எண்ணினன்.

– தள்ளுங்க, நான் எடுக்கன். சாக்க விலத்து. இந்தா! இரிக்கு. பொலித்தீனோட அப்பிடியே இரிக்கு, கட்டின கட்டோட. கடவுளே, உனக்கு நூறு கும்பிடு.

– அப்பாடா. தாங்க பாப்பம். நனையவும் இல்ல. அக்கா, தப்பிட்டம். இனி நான் ஓடுறன், ஒண்டே முக்கால். நோறா அக்கா, உங்கட ஸ்கூட்டியில என்னக் கொண்டுபோய்...

– நில்லு, உதயன்.

– என்ன?

– இது என்ட முடிச்சு இல்ல.

– எது?

– இந்த நூல் முடிச்சு. ஒரு நாளைக்கு இருநூறு நண்டு கட்டுற கை, எனக்குத் தெரியாதா? நான் போடுற முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். சுருக்கு உள்பக்கம் போகும். இது சப்பாத்துக்குப் போடுற முடிச்சு. பூ மாதிரி ரெண்டு காது வச்சிரிக்கு. இத ஆரோ அவிட்டுத் திருப்பிக் கட்டியிரிக்காங்க. நோறா, நீயா?

– நானில்ல சுலோ.

– பின்ன ஆர்?

– இரி, சொல்றன். உதயன், நீரும் இரும். அந்த மனுசன் பெட்டியக் குசினிக்கு அனுப்பிற்றுப் போகல்ல. அவரே தூக்கிற்று வந்தார். நான் அடுப்படியில நிக்கிறன், ஏப்ரனோட. "மேடம், இதுக்குள்ள உயிரோட என்னமோ அசையிது. பெட்டிய மூடி வைக்காதீங்க, பாவம், காத்துப் படட்டும்" எண்டார். எண்டு சொல்லி, தானே மூடியத் திறந்தார்.

– மரக்கறிக்காரர்...

– மரக்கறிக்காரர்தான் மேன். அதாலதான் திறந்தார். நண்டுக்கு மூச்சு முட்டுதோ எண்டு சாக்கத் தூக்கிப் பாத்தார். பொலித்தீன் கண்ணில பட்டிட்டு. நான் ரைப் அடிச்ச கடிதம், எனக்குத் தெரியாதா? அவர் குசினி வாங்கில உக்காந்தார். ஒருக்கா வாசிச்சார். கண்ணாடியத் துடைச்சிற்று இன்னொருக்கா வாசிச்சார்.

– எல்லாம் போச்சு அக்கா. ரெண்டு மணிக்கு உக்காந்த உடன விலை சொல்லுவார். அவர் முப்பது வருசம் இதே தொழில்.

– என்னாலதான். என்ட இந்தப் பாழ்பட்ட கோவத்தாலதான். உதயன், நான் உன்ட காலில வேணுமெண்டாலும்...

– பொறுங்க ரெண்டு பேரும்! நான் சொல்லி முடிக்கல்ல. வாசிச்சிற்று என்னக் கேட்டார், "இந்தச் சுலோஜனா ஆர்?" நான் சொன்னன், "டீச்சரா இருந்தவ, இப்ப நண்டு கட்டுறா. நல்ல மனுசி, வாய் கொஞ்சம் நீளம்" எண்டு.

– அது ஏன்கா சொன்ன?

– உண்மைதானே. மறுகா கேட்டார், "அந்தத் தம்பிக்கும் இவவுக்கும் கதை பேச்சு இல்லையா?" நான் சொன்னன், "சேர், அவன் கொழும்பில இருந்து வந்தா, பயணப் பெட்டிய வைக்க முதலே அக்காவத்தான் கேப்பான். இந்தமுறைதான் வரல்ல." அதக் கேட்டிட்டுப் பெட்டிக்குள்ள குனிஞ்சார். ஒரு நண்டு கட்டின காலோட மற்ற நண்டுக்கு மேல ஏறப் பாக்குது, அதையே பாத்துக்கிட்டு இருந்தார். மறுகா மெல்லச் சிரிச்சார், உதயன். நல்லாச் சிரிச்சார்.

– சிரிச்சாரா? ஏன்?

– எனக்கென்ன தெரியும் மேன். "மேடம், என்ட ஊர்லயும் ஒரு ஓடுபாதை இருக்கு. சண்டைக்காலத்தில போட்டது. இப்ப அதுல மாடு மேயுது. அத ஒரு பட்டியல்ல சேக்க நான் ரெண்டு தரம் கேட்டுப் பாத்தன். 'உன்ட ஊர் எண்டபடியால கேக்கிறாய்' எண்டாங்க. மூண்டாம் தரம் கேக்கிறத்துக்கு எனக்கு இப்பிடி ஒரு யோசனை வரல்ல" எண்டார். எனக்கு ஒண்டும் விளங்கல்ல. "என்ன யோசனை சேர்" எண்டன். கடிதத்தில 'என்ட தம்பி' எண்ட வரியத் தட்டிக் காட்டினார்.

– உதயன், ஏன்டா அப்பிடிப் பாக்கிறாய்? பேசு.

– நோறா அக்கா... பிறகு?

– பிறகு கடிதத்த மடிச்சு, பொலித்தீன்ல சுத்தி, தானே நூலைக் கட்டினார். சப்பாத்து முடிச்சுதான், வேற தெரியாதாக்கும். "இத நான் பாக்கல்ல. நான் மரக்கறி, நண்டுப் பெட்டிய நான் ஏன் திறக்கிறன்? அந்த அம்மாவிட்டத் திருப்பிக் குடுத்திருங்க" எண்டார். வாசல் வரைக்கும் போனார். மறுகா திரும்பி வந்து, உமக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னார்.

– என்ன செய்தி?

– "அந்தத் தம்பிட்டச் சொல்லுங்க, பின்னேரம் 'மாட்டன்' எண்டு சொல்லக்குள்ள ஒரு தரம் மேசையில கையால அடிச்சுச் சொல்லட்டும். எனக்குப் பக்கத்தில இருக்கிற ஆக்களும் நம்ப வேணுமே."